முடிச்சின் மேல் பச்சைக் கட்டம்

ஜூன் 9, திங்கள்

நேற்று எட்டயபுரம் ரோட்டு மண்டபத்தில் மூன்றாவது தாலியும் போயிற்று. போயிற்று என்றால் படம் போயிற்று. மாப்பிள்ளை கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டான், அவனுக்கு என்ன குறை. கெட்டிமேளம், அட்சதை, குலவை எல்லாம் ஒழுங்காக நடந்தது. என் கேமராவில் மட்டும் மஞ்சளும் சிவப்புமாக ஒரு கலங்கல்.

தை மாதம் ஒன்று, மாசியில் ஒன்று, இப்போது வைகாசியில் ஒன்று. இந்த வருஷம் எடுத்த மூன்று கல்யாணத்திலும் தாலி கட்டும் படம் மட்டும் அவுட், ஃபோகஸ் தப்பிவிட்டது. நடுவில் எடுத்த இரண்டு வரவேற்பு, ஒரு காதுகுத்து, ஒரு சஷ்டியப்தபூர்த்தி ஊர்வலம், எல்லாம் கண்ணாடி போல வந்திருக்கிறது. ஆக, இந்தக் கேமராவுக்கு வயசாகிவிட்டது. கூட்டத்தில் ஃபோகஸ் பிடிக்காமல் அலைகிறது. வேறு காரணம் ஒன்றும் கிடையாது. படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. கெட்டுப்போனதைப் பெரிதாக்கிப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

காலையில் பெண்ணின் அப்பா கடைக்கு வந்தார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. "என் மக கழுத்துல தாலி ஏறுனத நான் பாக்கலங்க. பக்கத்துலதான் நின்னேன், கூட்டம் மறைச்சிட்டு. சரி, போட்டோவுல பாத்துக்கிடலாம்னு இருந்தேன்" என்றார்.

பக்கத்தில் நின்றாராம், பார்க்கவில்லையாம். நின்றாரே, அது போதாதா இவருக்கு? மனுஷனுக்கு ஆசைக்கு ஒரு அளவு வேண்டாமா. வாய்வரை வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன்.

ஆவணி பதினொன்றாம் தேதி மரக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணம் எனக்குப் பேசியிருக்கிறது. அதிலும் தாலிப் படம் போனால், இருபத்தாறு வருஷம் கோவில்பட்டியில் கல்யாணம் எடுத்த சங்கரலிங்கம் இனி பாஸ்போர்ட் படம்தான் எடுக்க வேண்டும். அதற்குள் வேறு கேமரா.

ஜூன் 11, புதன்

எந்தக் கேமரா என்று பார்க்க உட்கார்ந்தால் முதல் வீடியோவிலேயே சகலை இசக்கிராஜ் பல்லை இளித்துக்கொண்டு வருகிறான். என் பெண்டாட்டி உலகம்மாளின் தங்கை புருஷன். திருநெல்வேலியில் கேமரா வாடகைக்கு விடுகிற கடை. இப்போது வீடியோவில் பேசுவதுதான் முழுநேரத் தொழில். "வணக்கம் மக்களே" என்று ஆரம்பிக்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவன் ஒரு புதுக் கேமராவை ஆகா ஓகோ என்கிறான். முகத்தைப் பிடித்தால் விடாதாம், கண்ணை விட்டு நகராதாம். கீழே கருத்துப் பகுதியில் அத்தனை பேரும் காறித் துப்பியிருக்கிறார்கள். ஆட்டோஃபோகஸ் படு மோசம், அலைந்துகொண்டே இருக்கிறது, இதை நம்பிக் கல்யாணத்துக்குப் போகாதே என்று இருநூறு பேராவது எழுதியிருக்கிறார்கள். வாசித்தபோது வயிறு குளிர்ந்தது.

ஒன்று கவனித்தேன். திட்டுகிற ஆட்களில் பாதிப் பேர் கேமராவைக் கையிலேயே தொட்டதில்லை. இவன் சொன்னான், அவன் சொன்னான் என்றுதான் எழுதுகிறார்கள். இசக்கியும் அப்படித்தான், பார்க்கில் ஒரு பெண்ணை மெதுவாக நடக்கவிட்டு எடுத்துவிட்டு அற்புதம் என்கிறான். கல்யாணத்தில் யாராவது அப்படி நடக்கிறார்களா? ஓமப்புகை, குறுக்கே நீட்டுகிற நாற்பது செல்போன், மாமன்காரன் முதுகு, அதற்கு மேல் அட்சதை மழை. அந்த அரிசிக்கு நடுவில் முடிச்சைப் பிடிக்கிறதா என்று சொல், நம்புகிறேன்.

நானே சோதித்துப் பார்க்கப் போகிறேன். மோசம் என்று நிரூபித்து, அவன் வீடியோவுக்குக் கீழேயே என் பேரைப் போட்டு எழுதுவேன்.

ஜூன் 12, வியாழன்

உலகு இன்றும் சாத்தூரோடு போனில். நான் உள்ளே வந்தால் அடுப்படிக்குள் போய்விடுகிறாள்.

ஜூன் 20, வெள்ளி

பல்லைக் கடித்துக்கொண்டு இசக்கிக்குப் போன் போட்டேன். "வாங்குறதுக்கு முன்னால கையில வச்சுப் பாக்கணும்வே" என்றேன்.

"அண்ணாச்சிக்கு இல்லாததா! ஆகஸ்ட் நாலு வரைக்கும் வச்சுக்கிடுங்க. அதுக்கப்புறம் மதுரைக்காரனுக்குப் போகணும்" என்றான். உடனே குழைந்து, "நம்ம புள்ள கோமு எப்படி இருக்கா?" என்றும் கேட்டான். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

கேமரா பஸ் பார்சலில் வந்தது. மேலே கீறல் இல்லை. கீறல் இருந்திருந்தால் திட்டியிருக்கலாம்.

மாடியில் சோதனை. உலகம்மாளை நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்துக் கயிற்றை இரண்டு கையால் பிடிக்கச் சொன்னேன். ஷட்டர் அறுபது, அதாவது நொடியில் அறுபதில் ஒரு பங்கு, மண்டபத்தில் வைக்கிற அதே வெளிச்சக் கணக்கு. ஃபிளாஷ் கிடையாது. இந்தக் காலத்துப் பெண்களுக்குப் படம் இயற்கையாக இருக்க வேண்டுமாம், முகத்தில் வெள்ளையடித்த மாதிரி இருக்கக் கூடாதாம். பக்கத்தில் சாம்பிராணிப் புகை. பட்டனைப் பாதி அழுத்தியதும் ஃபோகஸ் எங்கே என்று காட்டுகிற பச்சைக் கட்டம் முடிச்சின் மேல் போய் உட்கார்ந்தது. அரிசியை மேலே எறி என்றேன்.

"ரெண்டு கையாலயும் கயித்தப் பிடிக்கச் சொல்லுதீக, அரிசிய எதால எறிய?" என்றாள்.

நியாயமான கேள்விதான். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இடது கையால் நானே எறிந்தேன். பாதி அரிசி அவள் வாய்க்குள் போய்விட்டது. கட்டம் ஒரு முறை அரிசிக்குத் தாவி, அடுத்த நொடியே முடிச்சுக்குத் திரும்பிவிட்டது. முப்பது படத்தில் இருபத்தெட்டு சுத்தம்.

"இதுக்குப் போயி ஒரு உழக்கு அரிசி. ஆளு இல்லாம பண்ணிட்டு இப்ப என்னயப் போட்டு உயிர வாங்குதீக. அவ இருந்தா அவ எறிவா" என்று உலகு முனகிக்கொண்டே பெருக்கினாள். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். சின்ன வயதிலிருந்து சோதனைக்கு அரிசி எறிவது யார் வேலை என்று எனக்கும் தெரியும்.

ஜூன் 24, செவ்வாய்

ஓடுகிற கோழி, சுத்தம். பஸ் ஸ்டாண்டிலிருந்து வளைகிற பஸ், ஓட்டுநர் மீசை வரை சுத்தம். எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 2, புதன்

அவுட் என்றால் என்ன என்று தெரியாதவனெல்லாம் கருத்து எழுதுகிறான். அவுட் ஆன படத்தில் எங்கேயாவது ஓர் இடம் கூர்மையாக இருக்கும். ஆள் போயிருப்பான், பின்னால் தூண் தெளிவாக இருக்கும். ஷேக் வேறே. கை ஆடினால் படத்தில் எந்த இடமும் உருப்படியாக இருக்காது, எல்லாம் ஒரே பக்கம் இழுத்திருக்கும். இது தெரியாமல் பாவம் கேமராவைத் திட்டுகிறார்கள்.

அவுட்டுக்கு நல்ல உதாரணம் என் போனில் ஒன்று இருக்கிறது. கார்த்திகையில் சாத்தூரிலிருந்து வந்தது. ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில், எவனோ ஒரு நண்பன் செல்போனில் எடுத்தது. தாலி கட்டுகிற கை கலங்கல், குனிந்திருக்கிற தலை கலங்கல். பின்னால் சுவரில் "எச்சில் துப்பாதீர்" என்பது மட்டும் எழுத்து எழுத்தாகத் தெளிவு. முட்டாப் பயல். தொட்டு ஃபோகஸ் வைக்கக்கூடத் தெரியவில்லை.

அழிக்கவில்லை. தப்பான படத்துக்கு ஒரு உதாரணம் கையில் இருக்கட்டும் என்றுதான்.

ஜூலை 13, ஞாயிறு

ஆனியின் கடைசி முகூர்த்தம். கழுகுமலைக் கல்யாணம். இசக்கியின் கேமராவைக் கொண்டுபோனேன். மாப்பிள்ளை அழைப்பு, மாலை மாற்றுவது, அம்மாக்காரி அழுகிறது, எல்லாம் அருமை. தாலிப் படம் போயிற்று. பதினொரு படம், பதினொன்றும் கலங்கல். நல்லவேளை, பெண் வீட்டார் வேறொரு ஆளையும் வைத்திருந்தார்கள், பிழைத்தேன்.

ஆனால் ஜெயித்தேன். ஊர் சொன்னது சரி, இசக்கி சொன்னது பொய். மேடையை விட்டு இறங்கும்போதே அவனுக்குப் போன் போட்டு, "நாளைக்கு வந்து உம்ம கேமரா லட்சணத்தப் பாரும்" என்றேன்.

ஜூலை 14, திங்கள்

வந்தான். உலகு அவனுக்கு இரண்டு தடவை காபி கொடுத்தாள். எனக்கு ஒரு தடவைகூட இல்லை.

லேப்டாப்பில் கார்டைப் போட்டான். எடுத்த நேரத்தில் கட்டம் எங்கே இருந்தது என்று காட்டுகிற ஒரு வசதி இருக்கிறதாம், தட்டினான். பதினொரு படத்திலும் பச்சைக் கட்டம் முடிச்சின் மேலேயே இருந்தது. அப்புறம் படத்தைப் பெரிதாக்கி, குத்துவிளக்கின் மேல் விரலை வைத்தான். சுடர் கோடாக இழுத்திருந்தது. தூணில் இருந்த சீரியல் லைட்டும் கோடு கோடாக.

"அண்ணாச்சி, இது அவுட் இல்ல. ஷேக்."

"எனக்கே பாடம் எடுக்கீராவே?"

"உங்களுக்கு நான் என்ன எடுக்கப் போறேன். நீங்களே பாருங்க. இதுக்கு முன்னால ஓமம் வளக்கும்போது எடுத்தது ஊசி மாதிரி இருக்கு. அதே வெளிச்சம், அதே அறுபது. தாலிக்கு மட்டும் கை ஆடியிருக்கு." லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். "பழைய கேமராவுல போன மூணு கல்யாணத்தையும் காட்டுங்க, பாப்போம்."

அழித்துவிட்டேன் என்றேன்.

"கோமு கல்யாணத்துக்கு அப்புறந்தான..." என்று இழுத்தான்.

"எந்திரிச்சுப் போவே வெளிய!" என்றேன். வெற்றிலை பாக்குக் கடைவரை கேட்டிருக்கும். அவன் கோபப்படாமல் காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். அந்தத் திமிர்தான் எனக்குப் பிடிக்காதது.

ஜூலை 15, செவ்வாய்

பழைய மூன்றையும் திறந்து பார்த்தேன். பார்த்ததை எழுதப் போவதில்லை.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

கடையில் ஈ ஓட்டுகிறேன். ஆடியில் எவன் கல்யாணம் வைப்பான்.

வீட்டில்தான் முகூர்த்தம் வைத்த மாதிரி சத்தம். கல்யாணமாகி முதல் ஆடி, பெண்ணையும் மாப்பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்துத் தேங்காய்ப் பால் கொடுக்க வேண்டும் என்று உலகு ஆரம்பித்தாள். யார் பெண், யார் மாப்பிள்ளை என்று கேட்டேன். சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். முப்பது வருஷத்தில் அவள் அப்படி என் முன்னால் வந்து நின்றதில்லை.

"ஓடியா போனா? கல்யாணத்துக்கு முந்துன நாளு போன் போட்டுக் கேட்டாள்ல. 'நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், ஒண்ணும் செய்ய வேண்டாம், வந்து ஒரே ஒரு போட்டோ எடுத்துட்டுப் போங்கப்பா'ன்னு கெஞ்சினாள்ல. என்ன சொன்னீக? 'என் கேமராவுல உன் மூஞ்சி விழாது'ன்னீக. இப்ப எவ மூஞ்சிதான் விழுது உங்க கேமராவுல?"

சாப்பிடாமல் கடைக்கு வந்துவிட்டேன். பசிக்கிறது. இந்தப் பொம்பளைக்குச் சோறு போடுகிற நேரம் பார்த்துத்தான் உண்மை பேச வரும்.

ஜூலை 22, செவ்வாய்

ரத்தப் பரிசோதனை. சர்க்கரை இல்லை, அழுத்தம் இல்லை, நரம்பில் கோளாறு இல்லை. கையை நீட்டச் சொல்லி மேலே ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்தார் டாக்டர். அசையவில்லை. "நல்லாத்தான இருக்கீங்க, எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார். நல்லாயிருக்கிறவனை ஏன் நல்லாயில்லை என்று சொல்லத் தெரியாத ஆளெல்லாம் டாக்டர்.

ஜூலை 26, சனி

உலகு ஊசியில் நூல் கோப்பதை அறுபதில் எடுத்தேன். நூல் நுனியில் பிரிந்த இழைகூடத் தெரிகிறது. கை ஆடவில்லை. கேமராவும் ஆடவில்லை. பிறகு யாருக்குத்தான் என்ன கேடு?

அவளோடு பேச்சு இல்லை. படத்தை மட்டும் காட்டினேன். பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மரக்கடைக்காரர் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "தாலி கட்டுறது தெளிவா வரணும். ஊருல ஒரு பேச்சு அடிபடுது, அதான் கேட்டேன்" என்றார். வரும் என்று சொல்லிவிட்டேன். எந்த முகத்தோடு சொன்னேனோ தெரியாது.

திங்கட்கிழமை கேமராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் தாலி கட்டுவதை ஒரு தடவையாவது எடுத்துப் பார்க்காமல் எப்படி வாங்குவது? கோழியையும் ஊசியையும் நம்பி வாங்க முடியுமா? ஆடியில் தாலி கட்டுகிற இடத்துக்கு நான் எங்கே போவேன்.

உலகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "நாளன்னைக்குப் பதினெட்டாம் பெருக்கு. புதுசாக் கட்டுனவளுக்குக் கயிறு மாத்தணும். எங்க வழக்கத்துல புருஷன்தான் கட்டுவான். நான் சாத்தூருக்குப் போறேன். யாரையும் நான் கூப்பிடல."

ஆகஸ்ட் 2, சனி

சோதனைக்குத்தான் போகிறேன். இதில் வேறு அர்த்தம் எவனும் கண்டுபிடிக்க வேண்டாம். பேட்டரி இரண்டும் சார்ஜ் ஏற்றியாயிற்று.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடி 18

சாத்தூரில் படந்தால் ரோட்டுக்கு உள்ளே தள்ளி, வரிசை வீடுகளில் மூன்றாவது. ஒரு அறை, ஒரு அடுப்படி. கோமுதான் கதவைத் திறந்தாள். இளைத்திருக்கிறாள். வருகிற வழியெல்லாம் பேச வேண்டிய வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன், சரியாகச் சொன்னேன்.

"கேமரா டெஸ்ட் பண்ண வந்தேன்."

அவள் என் கழுத்தில் தொங்கியதைப் பார்த்தாள். "இதுல ஆட்டோஃபோகஸ் மோசம்னு சொல்லுதாங்களேப்பா. சித்தப்பா வீடியோவுக்குக் கீழ எல்லாரும் திட்டியிருக்காங்க."

"திட்டுனவன்ல ஒருத்தனாவது தொட்டுப் பாத்திருக்கானா? முட்டாப் பயலுக" என்றேன். இசக்கிக்கு வக்காலத்து வாங்குகிற நிலைமைக்கு வந்துவிட்டேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அந்தப் பையன், மாரிக்கண்ணன், மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவன், கட்டம் போட்ட சட்டையோடு எழுந்து நின்று கும்பிட்டான். "கட்டம் போட்ட சட்ட போட்டோவுல கண்ண உறுத்தும், மாத்து" என்றேன். உடனே போய் வெள்ளைச் சட்டை போட்டு வந்தான். டியூப் லைட்டை அணைக்கச் சொன்னேன், அணைத்தான். பெட்டியை நகர்த்தச் சொன்னேன், நகர்த்தினான். ஜன்னல் பக்கம் அவளை உட்கார வைத்தேன். குறை சொல்ல இன்னும் ஏதாவது கிடைக்குமா என்று அறையைச் சுற்றிப் பார்த்தேன். ஜன்னலுக்கு எதிரே, எட்டு வயதில் அவள் என் பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. நான் எடுத்தது. அதற்கு அப்புறம் குறை தேடவில்லை.

உலகு மஞ்சள் கயிற்றைச் சாமி முன் வைத்து எடுத்துக் கொடுத்தாள். புதுக் கயிறு ஏறிய பிறகுதான் பழையதைக் கழற்ற வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு முந்தானையை அவிழ்த்தால், உள்ளே ஒரு பிடி அட்சதை. "டெஸ்ட்டுன்னா முழுசா இருக்கணும்ல" என்றாள் என்னைப் பார்க்காமல்.

அறுபதில் வைத்தேன். பாதி அழுத்தினேன். பச்சைக் கட்டம் வந்தது, முடிச்சு விழப்போகிற இடத்தில் உட்கார்ந்தது. அப்புறம் கட்டம் தெரியவில்லை. வியூஃபைண்டர் முழுக்கத் தண்ணீர். கை என் பேச்சைக் கேட்கவில்லை.

கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு அந்தப் பையன் காத்திருந்தான். "மாமா, நீங்க சொன்னப்புறம் முடிச்சுப் போடுதேன். அவசரமில்ல."

இருபத்தாறு வருஷத்தில் எத்தனை கல்யாணம். எந்த ஐயர் நின்றார், எந்த மாப்பிள்ளை நின்றான்? நேரம் போகுது என்று என்னை இடித்துத் தள்ளிக்கொண்டுதான் கட்டியிருக்கிறார்கள். இவன் நிற்கிறான். இவனை நான் எட்டு மாதமாக என்ன பேர் சொல்லித் திட்டினேன் என்று இந்த டைரியில்கூட எழுதவில்லை, அவ்வளவு அசிங்கம்.

"மூச்ச நிறுத்தி, முழங்கைய விலாவுல ஒட்டிக்கிடுங்கப்பா" என்றாள் கோமு, குனிந்த தலை நிமிராமல்.

"எனக்குத் தெரியும், வாய மூடுட்டீ" என்றேன். "கட்டு மாப்பிள்ள" என்றேன். இரண்டும் ஒரே மூச்சில் வந்தது.

கட்டினான். அரிசி விழுந்தது. உலகு குலவை போட்டாள், பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். பதினான்கு படம் எடுத்தேன்.

திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். கோமு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள், சின்ன வயதில் பார்க்கிற மாதிரியே. பதினான்கிலும் கட்டம் முடிச்சின் மேல்தான் இருந்தது. பதினான்கும் இழுத்திருந்தது.

"ஷேக்ப்பா" என்றாள்.

"ஆமா."

"எல்லாமே."

"ஆமாங்கேன்ல."

"வேணும்னா அவரத் திரும்ப ஒருக்க..."

"கட்டுனத அவுக்கக் கூடாது. இருக்கட்டும். இது போதும்" என்றேன். அவள் நெற்றியை என் தோளில் வைத்துக்கொண்டாள். சட்டை நனைந்தது. நல்ல சட்டை, மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறோமே என்று போட்டது.

தேங்காய்ப் பால் குடிக்கும்போது மாப்பிள்ளையின் தலையில் ஒட்டிய அரிசியை அவள் தட்டிவிட்டாள். அப்போது சும்மா ஒன்று எடுத்தேன், பதினைந்தாவது. அவள் கழுத்தில் புதுக் கயிறு, அதில் ஒரு மஞ்சள் அரிசி சிக்கியிருக்கிறது. கயிற்றின் முறுக்கை எண்ணலாம்.

மாலையில் இசக்கி போன் செய்தான். "என்ன அண்ணாச்சி, நாளைக்குக் கேமரா வருதா? எப்படி, ஊர் சொல்லுத மாதிரித்தானா ஃபோகஸ்?"

கேமராவில் ஒரு குறையும் இல்லை, நானே விலைக்கு வைத்துக்கொள்கிறேன் என்றேன்.